எட்டு எழுத்துக்கு மேல்

ஜூன் 4

அக்கா,

தையல்கார அக்கா பாஸ்வேர்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆனாலும் பக்கம் திறந்துகொண்டது. நான் முதலில் கவனித்தது அவ்வளவுதான்.

அவர் எங்கள் பிரவுசிங் கடைக்கு மாதம் இரண்டு தடவை வருவார். நீ போனில் பதில் சொல்கிற அதே கம்பெனியில்தான் சேமிப்பு போட்டிருக்கிறார். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று நாலு வருஷமாகச் சேர்க்கிறார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பார். அடிக்கும்போது பொத்தான் எண்ணுகிற மாதிரி வாய்க்குள் எண்ணுவார். எப்போதும் பன்னிரண்டு வரை போகும். அன்றைக்கு எட்டில் இருமல் வந்து, கை தவறி என்டரைத் தட்டிவிட்டார். கணக்கு திறந்தது. "பாத்தியா, கம்ப்யூட்டருக்கே என்னைப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. பாதியிலேயே புரிஞ்சுக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போன பிறகு, அப்பா பெயரில் நீ ஆரம்பித்துக் கொடுத்த கணக்கில் பார்த்தேன். எட்டு எழுத்தைச் சரியாக அடித்துவிட்டு, மீதிக்குக் கைக்கு வந்ததை அடித்தேன். திறந்தது. எட்டோடு நிறுத்தினேன். அப்போதும் திறந்தது. ஏழில்தான் திறக்கவில்லை. ஆக, எட்டுக்கு மேல் நாம் எதை அடித்தாலும் கம்பெனி அதைப் படிப்பதே இல்லை. மற்ற வங்கிகளில் போனுக்கு ஒரு எண் வரும். இதில் அதுவும் கிடையாது.

இன்னொன்று. கடையில் ஆறு கம்ப்யூட்டர். ஐந்தில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால், இன்ன பிரவுசர், இன்ன பதிப்பு இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று வெள்ளையாக ஒரு வரி மட்டும் வரும். அந்தப் பிரவுசரைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. சுவரோரம் இருக்கிற ஆறாவது கம்ப்யூட்டரில் மட்டும் அது இருக்கிறது. அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எழுந்துகொள்ள ஏழு நிமிஷம் ஆகும். வைரஸ் தடுப்பு போட்டால் படுத்துவிடும் என்பதால் அதையும் போடவில்லை. ரிப்பேர்காரர் வந்தால் முதலாளி, "மத்ததை என்ன வேணா பண்ணு. பெரியவர் மேல மட்டும் கைய வெக்காத. ஊருக்கே அவர் ஒருத்தர்தான்" என்பார். அது உண்மைதான். ஊரில் வேறு எங்கேயும் அந்தப் பக்கம் திறக்காது.

நீ அங்கே இருக்கிறாய். யாரிடமாவது சொல்ல முடியுமா?

போன தடவை நீ வந்தபோது நான் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பேச நிறைய வைத்திருந்தேன். நீ பஸ் ஏறிய பிறகுதான் வார்த்தை வந்தது. போனில் கூப்பிட்டாலும் நீ மூன்று தடவை "சொல்லு" என்பாய், நான் "ஒண்ணுமில்ல" என்பேன். அதனால்தான் கடிதம்.

தங்கை


ஜூன் 9

ஏ ஊமைக்கோட்டான்,

கடிதம் வந்தது. நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு இருப்பவளுக்கு, காகிதத்தைப் பார்த்தது சந்தோஷம். படித்த பிறகு இல்லை.

எங்களிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்கவில்லை என்றால், பிரவுசர் பதிப்பைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அப்போதும் திறக்கவில்லை என்றால், பாதுகாப்பு அளவைக் குறைத்து வையுங்கள். அப்போதும் இல்லையா, அணைத்துவிட்டுப் போடுங்கள். நான்காவது தடவைக்குத் தாளில் ஒன்றும் இல்லை. அதற்குள் அவர்களே களைத்துப் போய் வைத்துவிடுவார்கள்.

எட்டு எழுத்து விஷயத்தைச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். யார் கேட்டது என்றார். ஒரு வாடிக்கையாளர் என்றேன். "அது நமக்குத் தெரியும். தாள்ல இருக்கா? இல்லல்ல? அப்ப விடு" என்றார். விட்டுவிட்டேன். நீயும் விடு. அடுத்தவர் விரலை எண்ணிக்கொண்டு உட்காராதே. யாரிடமும் இதைச் சொல்லாதே. நல்லதுக்குச் சொன்னாய் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அப்பாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பெரியவரைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

அப்பா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்.

நீ சொல்லாதே என்று எழுதினாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே தையல்கார அக்காவிடம் சொல்லிவிட்டேன். எட்டோடு நின்றுவிடுகிறது, அதனால் முதல் எட்டையாவது யாராலும் ஊகிக்க முடியாத மாதிரி மாற்றுங்கள் என்று சொன்னேன். நானாகப் போய் ஒருவரிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் முதல் தடவை. "தீபாவளிக்கு மாத்திக்கலாம், புதுத் துணியோட புதுப் பாஸ்வேர்ட்" என்று கேலி செய்தார்.

பன்னிரண்டாம் தேதி வந்து பார்த்தபோது கணக்கில் ஒன்றும் இல்லை. இரண்டு நாளுக்கு முன் யாரோ உள்ளே போய், முழுவதையும் ஏதோ ஒரு போலிப் பெயர்க் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

டவுனிலிருந்து கிளை மேலாளர் கடைக்கே வந்தார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்தார்கள் என்பது அவர்களிடம் பதிவாவதே இல்லையாம். ஆனால் அது தேவையே இல்லை என்கிறார். "எங்க பக்கம் பழைய பிரவுசர்ல மட்டும்தான் திறக்கும். ஊர்லயே அது இருக்கறது இந்த ஒரு மெஷின். இந்த மெஷின்ல உக்காந்தவங்கதான் எடுத்திருக்கணும். சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார். சாவி இரண்டு. ஒன்று முதலாளியிடம், ஒன்று என்னிடம்.

தையல்கார அக்கா மெதுவாக, "இந்தப் பொண்ணு எட்டு எழுத்துதான்னு என்கிட்டயே சொல்லிச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மேலாளர் என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உனக்குத்தான் தெரியுமே, யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்து நின்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது என்னை ஜெராக்ஸ் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். தையல்கார அக்கா இன்னமும் வருகிறார், புகார் என்ன ஆச்சு என்று பார்க்க. வரும்போது நீல நிற லைனிங் துணி ஒன்று கொண்டுவருகிறார். கீபோர்டையும் கையையும் அதால் மூடிக்கொண்டு அடிக்கிறார். நான் பத்தடி தூரத்தில் இருக்கிறேன். அங்கிருந்து எனக்கு எதுவும் தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

ஜூலை இரண்டாம் தேதி டவுனில் இருக்கிற கிளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்வேர்டை நான் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போலீஸுக்குப் போகமாட்டார்களாம். முதலாளி, "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டா கடை பேராவது மிஞ்சும்" என்கிறார். என் பெயர் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். நினைத்தேன்.

தங்கை


ஜூன் 20

உடனே எழுதுகிறேன், மதிய இடைவேளை பதினைந்து நிமிஷம்தான்.

எதிலும் கையெழுத்துப் போடாதே. என்ன சொன்னாலும், யார் சொன்னாலும். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லாவிட்டால் சொல்லு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எடுக்கவில்லையே? வீட்டில் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விளையாட்டாகக்கூட அவர் கணக்கைத் திறந்து பார்க்கவில்லையே?

அக்கா


ஜூன் 23

அக்கா,

கேட்டாய். பதில் சொல்கிறேன். எடுக்கவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை.

தெருவில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. எல்லாரும் மனசுக்குள் முடிவு செய்துகொண்டு பேசாமல் போகிறார்கள். வாய் திறந்து கேட்ட ஒரே ஆள் நீ.

அப்பா விழுந்த வருஷம், உன் பயிற்சிக் கட்டணமா என் பத்தாம் வகுப்பா என்று வீட்டில் பேசினார்கள். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். மறுநாள் காலையில் யூனிஃபார்ம் போடவில்லை, அவ்வளவுதான். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டது கிடையாது. இன்றைக்குத்தான் கொஞ்சம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பற்றவைத்தாள்.

தங்கை


ஜூன் 27

தங்கச்சி,

நான் கேட்டிருக்கக் கூடாது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை திருப்பி எழுதினாலும் நீட்ட முடியவில்லை, அதனால் அப்படியே விடுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்றது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே உன் கால் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். வாயாடி என்று எனக்குப் பெயர்.

இப்போது கவனமாகப் படி.

எங்கள் தளத்தில் எழுபது மேஜை. எல்லாம் புதுக் கம்ப்யூட்டர். ஒன்றில்கூட அந்தப் பழைய பிரவுசர் கிடையாது. ஆனால் கம்பெனியின் பக்கம் எங்களுக்குத் திறக்கிறது. இரண்டு வருஷமாகக் காலையில் திறந்து மாலையில் மூடுகிறேன், எப்படி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு எங்கள் டெக்னீஷியனிடம் கேட்டேன். சிரித்தார். "அது ஒண்ணுமில்லம்மா. உள்ள வர்ற பிரவுசர் யாருன்னு பேரு மட்டும் கேக்கும். என்ன பேர் சொன்னாலும் நம்பிரும். நம்ம பிரவுசர் எல்லாம் பழைய பேரச் சொல்லுது. வாட்ச்மேன்கிட்ட 'நான் வீட்டு ஆளு'ன்னு சொல்லிட்டு உள்ள போற மாதிரிதான்" என்றார்.

ஆக, உங்கள் பெரியவர் இல்லாவிட்டால் திறக்காது என்பது பொய். எந்த ஊரிலிருந்தும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எவன் வேண்டுமானாலும் வரலாம். எப்படிச் செய்வது என்று தனித் தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ஆறு படி. கடையில் வேறு கம்ப்யூட்டரில் செய்து பார்.

இன்னொன்று. இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆனது. வாடிக்கையாளர் எங்களைக் கூப்பிட்டதும் அவருடைய பாஸ்வேர்ட் எங்கள் திரையில் வரும். நட்சத்திரமாக இல்லை, அப்படியே, எட்டு எழுத்தும். உன் தையல்கார அக்காவின் புகாரை வைத்துத் தேடினேன், மே மாதம் பக்கம் திறக்கவில்லை என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை எடுத்தது நான். பேச்சுக்கு நடுவில் எண்ணுவாரே, அந்தக் குரல்தான். அவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த எட்டு எழுத்து என் கண்ணிலும் பட்டது. உன்னைக் கேட்ட கேள்வியை நான் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

மீதி இரண்டு தடவை யார் எடுத்தார்கள் என்று பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள், எங்கள் வரிசையில் கடைசி நாற்காலி. பத்து நாளாக அது காலியாக இருக்கிறது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது, இருப்பதை எழுதுகிறேன்.

வேலையில் சேரும்போது, உள்ளே பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் காட்டினால் வேலை போகும். காட்ட வேண்டி வந்தால் காட்டு. யோசிக்காதே. நான் வந்தால் அலமாரியில் என் தட்டைக் காலி செய்து கொடு, உன் துணியெல்லாம் அதில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

உன் துணிக்கு இடம் இருக்கிறது. ஆனால் நீ வேலையை விட்டு வர வேண்டியதில்லை. லீவில் வா.

ஆறு படியையும் கடையில் நான்காவது கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். ஐந்தாவது படியில் இரண்டு தடவை தப்பு செய்தேன். மூன்றாவது தடவை திறந்தது. தாள் இல்லாமல் வரும் வரைக்கும் செய்தேன்.

இரண்டாம் தேதி கிளையில் மேலாளர், முதலாளி, தையல்கார அக்கா, நான். அம்மா வெளியே பெஞ்சில். மேஜையில் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது, அடியில் என் பெயருக்கு நேரே ஒரு பென்சில் கோடு. உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. மேலாளர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். எனக்கு வாய் வராது என்று முன்பே தெரியும், அதனால் வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேனாவை வாங்காமல் சீட்டைக் கொடுத்தேன். 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷம் உட்காரலாமா?' என்று இருந்தது.

"வாயால கேக்கலாமேம்மா" என்றார்.

"அவ அப்படித்தான் சார். லீவு கேட்டாகூடச் சீட்டுதான்" என்றார் முதலாளி.

மேலாளர் நாற்காலியை நகர்த்தினார். "உக்காரு. ஆனா இதுல எங்க பக்கமே திறக்காது. எங்களுக்கே பின் ரூம்ல தனி மெஷின் வெச்சிருக்கோம்" என்று அவராகவே சொன்னார். முதலில் அவர் சொன்னபடியே திறந்து காட்டினேன். வெள்ளையாக அந்த ஒரு வரி வந்தது. "பாத்தீங்களா" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் ஆறு படியையும் செய்தேன். ஐந்தாவதிலும் தப்பு வரவில்லை. பக்கம் திறந்தது. அப்பாவின் கணக்கு எண்ணை அடித்தேன். பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்தை அடித்து, அதற்கு மேல் அவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டினேன். கணக்கு திறந்தது. திரையைத் தையல்கார அக்கா பக்கம் திருப்பி வைத்தேன்.

மேலாளர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

முதலாளிதான் முதலில் பேசினார். "அப்ப பெரியவர் இல்லாமலே திறக்குமா? இத்தனை வருஷமா நான் அவருக்குக் கரண்ட் கட்டிட்டு இருக்கேன்."

மேலாளர் என்னிடம், "இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்றார். நேராகப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி கேட்டார். குனிந்தே இருந்தேன். இவளிடம் இதற்கு மேல் வராது என்று விட்டுவிட்டார். என் ஊமைத்தனம் ஒரு வேலைக்கு உதவியது இதுதான் முதல் தடவை.

தையல்கார அக்கா கேட்டார். "சார், நான் மே மாசம் மூணு தடவை உங்க போன் நம்பருக்குப் பேசினேன். அங்க யார்கிட்ட பேசினேன்னாவது உங்களுக்குத் தெரியுமா, அதுவும் தெரியாதா?" நான் அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராக யோசித்துக் கேட்டதுதான். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். போனை வைத்த பிறகு அந்தத் தட்டச்சுத் தாளை நாலாக மடித்து டிராயரில் போட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. விசாரணை எண் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். பணம் திரும்பி வருமா என்று இன்னும் தெரியவில்லை. எழுபது நாள் ஆகலாமாம்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அப்பாவின் இடுப்பு எக்ஸ்ரே உறைக்குள் வைத்திருக்கிறேன், அதை யாரும் பிரிப்பதில்லை. உங்கள் திரையில் பாஸ்வேர்ட் தெரிகிற விஷயத்தை நான் சொல்ல முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும், தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எப்போது என்று உனக்கே தெரியும்.

முதலாளி என்னை மறுபடி பழைய இடத்தில் உட்காரச் சொன்னார். "அதான் தெரிஞ்சு போச்சுல்ல, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்றார். என் மூஞ்சியே அப்படித்தான் என்று சொல்லவில்லை.

நேற்று தையல்கார அக்கா வந்தார். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றார். பெரியவர் எழுந்துகொள்ளும் வரை ஏழு நிமிஷம் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு இருமினார். நீலத் துணி மடித்தபடி அவர் மடியில் இருந்தது. இந்தத் தடவை அதை விரிக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்றே, கையை நன்றாக வெளியே வைத்து, முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.

நான் அந்தத் துணியை எடுத்து, உதறி, அவர் கைமேல் போட்டேன்.

தங்கை